ஈரல் பங்கு

...மீன் சதையில் ஒன்றுமில்லை, அதுதான் ஆறுதல், சதை வரம்புக்குள்தான் இருக்கிறது, ஈரலில்தான், ஈரலில் காட்மியம் வரம்பைப்போல மூன்று மடங்கு, இதைச் சொல்வதற்கு என்ன, நான் இருக்கிற தூ டுக்கிலிருந்து மெட்ரோவில் பென் தான் நிலையம், அங்கிருந்து அக்கா ஊரான குச்சிக்குப் பஸ் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, பக்கத்து சீட்டு அம்மாள் நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக் கூடையை மடிக்கு ஏற்றிக்கொண்டு இடம் விட்டாள், ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்ததிலிருந்து என் வாய் உப்பு போதுமா, காரம் போதுமா என்றுதான் பேசுகிறது. ரோசாலி அக்கா விரால் கஞ்சியை அகப்பையால் துழாவுகிறாள், ஈரலைத் தேடுகிறாள், எனக்கில்லை, மகள் ஐரேனுக்கு, அவளுக்கு இது ஆறாம் மாதம். கழிவைத் திறந்துவிடுகிற பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் மச்சான் அகுஸ்தேன் விடியற்காலையில் பிடித்த மீன். வெள்ளிக்கிழமை எங்கள் லேபில் நான் அறுத்த மீன்களும் அதே ஏரிதான்... கொதித்தால் போய்விடாதா என்று அக்கா கேட்பாள். கிருமியா போவதற்கு, உலோகம், அடுப்பை அணைத்த பிறகும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், கல்யாணம் முடிந்தும் கிளம்பாத உறவுக்காரர் மாதிரி.

மீனைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரோடு வருகிற விஷத்தை ஈரல் பிடித்து, ஒரு புரதத்தோடு கட்டிப் போட்டு வைத்துக்கொள்கிறது, மற்ற உறுப்புகளாவது பிழைத்துப் போகட்டும் என்று... வருடம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும், அதனால் பெரிய மீனில் அதிகம், மச்சானோ மகளுக்கென்று பெரிய மீனாகப் பார்த்துத்தான் கொண்டுவருகிறார், சின்னது மாட்டினால் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுகிறாராம். வரைபடமே போடலாம், கீழே மீனின் நீளம், பக்கவாட்டில் அகுஸ்தேனின் பாசம், கோடு நேராக மேலே போகும், ஆனால் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். பக்கவாதத்தில் இடது கை விழுந்து டிரைவர் வேலை போன பிறகு அவர் இந்த வீட்டுக்குக் கொண்டுவருவது இந்த மீன் ஒன்றுதான், ஒற்றைக் கையால் தூண்டில் போட்டு, கம்பை விலாவில் இடுக்கிக்கொண்டு... அதையும் ஒரு எண்ணைக் காட்டி நான் பிடுங்கவேண்டும். ஏன் நான்? இந்த வீட்டில் எண் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. படித்திருக்கக் கூடாது.

"என்ன மாப்ள, கஞ்சிய மொறச்சுப் பாக்குற? உன் லேபுல இப்படி ஒரு விரால் உண்டா?"

"எங்க லேபுல எல்லாம் செத்த மீனு மச்சான்."

"இது மட்டும் நீந்துதாக்கும்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அகப்பையில் ஈரல் ஏறிவிட்டது, பழுப்பாக, பளபளவென்று, இப்போது சொல், சொல்லடா பிரான்சுவா... "அக்கா, அந்த ஈரல எனக்குப் போடேன்" என்றேன். விஞ்ஞானி கண்டுபிடித்த தீர்வு இது, ஏரியைச் சுத்தம் பண்ண முடியாவிட்டால் தானே தின்றுவிடுவது.

"வெக்கங்கெட்டவனே, புள்ளத்தாச்சி பங்கக் கேக்குறான் பாரு, இவன் ஒரு தாய்மாமன்!"

மச்சான் முகமோ மலர்ந்துவிட்டது. "ஆசப்பட்டுட்டான்ல, விடு ரோசாலி. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பெரிய மீனா புடிச்சுட்டாப் போச்சு. ஒண்ணு மாப்ளைக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு."

ஆக இரண்டு ஈரல். என் தியாகத்தின் பலன்... ஈரல் ஐரேன் கிண்ணத்தில் விழுந்தது. "ஐரேன், அதச் சாப்புடாத, அதுல காட்மியம் இருக்கு" என்றேன், நேராக, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததில் பாதிகூட இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். மச்சான் நல்ல கையால் மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "தங்கமா மாப்ள, எத்தன கேரட்டு? அடகு வைக்கலாமா?" அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நிசமாத்தான் சொல்றேன் என்கிறேன், சிரிப்பு கூடுகிறது, சத்தியமா என்கிறேன், இன்னும் கூடுகிறது. அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கும் இதே மேஜையில் இவர்களைச் சிரிக்க வைத்தவன் நான், திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முகத்தை யார் நம்புவார்கள்?

ஐரேன் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்க்காமலே கரண்டி நுனியால் ஈரலை ஓரமாகத் தள்ளி, மேலே கசப்புக்கீரையை இழுத்துப் போர்த்தினாள், பழகின கை, இன்றைக்கு முதல்தடவை இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. மசக்கையில் அந்த வாடையே பிடிக்காமல் போயிருக்கும், அப்பா முகம் வாடிவிடக் கூடாதே என்று வாரா வாரம் இப்படித்தான் போலும். என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுத்துவிடாதீங்க மாமா என்கிற பார்வை. அப்படியானால் குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஒரு துளிகூடப் போகவில்லை, அப்பாடா, மூச்சு விட்டு நானும் ஒரு வாய் கஞ்சி குடித்தேன், ருசியாகத்தான் இருந்தது. "போதும் பப்பா" என்று அப்பாவிடம் சொல்லி அவள் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"இங்க கொண்டா, வீணாக்கக் கூடாது" என்று மச்சான் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், கீரையை விலக்கினார். "பாத்தியா ரோசாலி, இன்னிக்கும் அப்பனுக்குன்னு ஈரல ஒளிச்சு வச்சிருக்கா எம் பொண்ணு." வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். ஐரேன் தலையைக் குனிந்துகொண்டாள். மனித உடம்பில் காட்மியம் போய்ச் சேருவது சிறுநீரகத்தில், சேர்ந்தால் இருபது முப்பது வருடம் நகராது, இதை இப்போது எப்படிச் சொல்வது, சொன்னால் மகள் அவருக்காக ஒளித்து வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்... வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனை விதமாக யோசித்தேன், கர்ப்பிணிக்கு எவ்வளவு, சிசுவுக்கு எவ்வளவு என்று எல்லாப் பட்டியலையும் புரட்டினேன், மச்சானையும் யோசிக்காமல் இல்லை, அவர் மீன், அவர் தூண்டில், அவர் மனசு... அவரும் இந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்பது மட்டும், ஏனோ, எனக்குத் தோன்றவேயில்லை.