லோடு நிற்காமல்

ஆயுத பூஜை அன்று எல்லா மிஷினும் சும்மாதானே கிடக்கும், அன்றைக்கே வந்து புதுப் பில் புரோகிராமை ஏற்றிவிடுகிறேன் என்று யோகேஸ்வரி போனில் சொன்னதும், மறுமுனையில் ஜெயச்சந்திரன் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, பூசையில சந்தனம் வச்ச மிசினத் தொடுவாகளா? நீ விருதுநகர்ப் பிள்ளைதான?"

அவளுக்குச் சுருக்கென்றது. இது எப்படி மறந்துபோயிற்று?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அண்ணாச்சிக்கு அவள் மூன்று புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். பில்லுக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று, லாரி லோடுக்கு ஒன்று. வேலையை விட்டு வந்து சொந்தமாகச் செய்த முதல் காரியம் அதுதான். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரே இன்ஸ்டாலர். எதைப் புதுப்பிக்கப் போனாலும் அது முதலில் மூன்றையும் இழுத்து மூடும். போன மாதம் அப்படி மூடியதில் லோடுச் சீட்டு அடிக்க முடியாமல் லாரிகள் மெயின் ரோடு வரை நின்றுவிட்டன.

"பூசைக்கு மறுநாள் பில்லுல புது வரிக்கணக்கு வந்தாகணும். தீவாளி சீசன், லோடு நிக்கப்படாது. நின்னுச்சுன்னா பழைய புரோகிராமுக்கே போயிருவேன். பெறகு என்னையக் கோவிச்சுக்கிடக் கூடாது."

யோகேஸ்வரி காலண்டரில் நாட்களை எண்ணினாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"மூச்சாவது விடும்மா."

பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுதுவதைவிடச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். தோசைத் தட்டை வைக்க வந்த அம்மா தங்கத்தாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"நீ கம்ப்யூட்டரப் பாக்கியா, கம்ப்யூட்டர் உன்னையப் பாக்குதா?"

தவறு எங்கே என்று அவளுக்கு மெல்லத்தான் பிடிபட்டது. சீட்டு அச்சடிக்கும் பகுதி மூன்று புரோகிராமுக்கும் பொது. ஒரே பிரதியை வைத்து மூன்றும் பிழைத்தன. அதைத் தொட வேண்டுமானால் மூன்றையும் மூடியாக வேண்டும். கடைத்தெருவில் வளர்ந்தவள், ஒரு சாமானை மூன்று இடத்தில் வாங்கி வைப்பது அவளுக்கு ஊதாரித்தனம். அந்தச் சிக்கனத்தை நினைத்து உள்ளூரப் பெருமைகூடப் பட்டிருக்கிறாள். ஆனால் பங்காளிகளுக்குப் பொதுவான கிணற்றில் மோட்டாரைக் கழற்றினால் மூன்று பேர் வயலும் அல்லவா காயும்? பழுது ஒருவனுடையது, தாகம் எல்லோருக்கும்.

பில்லுக்கு மட்டும் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டாள். புதுப் பில் புரோகிராம் தன் பிரதியைத் தானே சுமந்து வந்து தனி இடத்தில் குடியேறும். பழைய பொதுப் பிரதியை லோடும் இருப்பும் பயன்படுத்தும் வரை யாரும் தொடக் கூடாது. அவற்றின் முறை வரும்போது அவையும் தனிக்குடித்தனம் போகட்டும். இன்ஸ்டாலருக்கு இனி ஒரே வேலை: யாருக்குப் புதுசு என்று கேட்டு, அவரை மட்டும் எழுப்புவது. இடம் கொஞ்சம் வீண்தான். போகட்டும்.

விஜயதசமி காலையில் அவள் போனபோது மறுபூஜை முடிந்து லாரிகள் வரிசை கட்டியிருந்தன. லோடு ஆபீஸில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டர் நெற்றியில் குங்குமம். மவுஸிலும் யாரோ சந்தனம் அப்பியிருந்ததால் விரல் ஒட்டியது. லோடு பார்க்கும் கருத்தப்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"தாயி, இன்னைக்கு நிறுத்துனேன்னு வையி, டிரைவருக உன்னையத்தான் லோடுல ஏத்துவாக."

"நீங்க சீட்டு அடிங்கண்ணே. இங்கன ஒரு ஓரமா என் வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

திரையில் பில் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு இன்ஸ்டாலரைத் தட்டினாள். பச்சைக்கோடு நகர்ந்தது. பழைய பில்லை அகற்றும் இடம் வந்தபோது அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பொதுப் பிரதியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டால், அடுத்த சீட்டு வராது. அதோடு எல்லாம் முடிந்தது.

கருத்தப்பாண்டி எட்டி, லோடு ஜன்னலில் ஒரு லாரி நம்பரைத் தட்டினார். பிரிண்டர் ஒரு கணம் சும்மா இருந்தது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு வெளியே நின்ற இன்ஜின்களின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு அது கரகரவென்று சீட்டைத் துப்பியது.

"ஏலே, அடுத்த வண்டிய விடு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். இன்னொரு சீட்டு. இன்னொன்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அவள் ஞாபகம் வந்தது.

"எம்புட்டு நேரம் இப்படியே உக்காந்திருப்ப? எப்பத்தான் ஆரம்பிக்கப் போற?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"என்ன முடிஞ்சிருச்சு?"

அவள் பில் ஜன்னலைத் திறந்து ஒரு பில்லை அடித்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்த அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிக்கணக்கில் விரல் வைத்துப் பார்த்தார். வெளியே ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளைப் பார்த்தார்.

"நிக்கவே இல்லையேம்மா."

"நிக்கல அண்ணாச்சி."

"இதுக்கு ஒரு சரம் கொளுத்திப் போடணும்லே பாண்டி!"

"இங்கனயா? நம்ம எல்லாரும் சேந்து போயிருவோம், மொதலாளி!"

யோகேஸ்வரி சிரித்தாள். அம்மா கேட்டிருந்தால் அது யார் சிரிப்பு என்று திரும்பிப் பார்த்திருப்பாள், அவ்வளவு சத்தம். அவள் சிரித்து முடிப்பதற்குள் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சரக்கு இருப்புலயும் ஒண்ணு ரெண்டு மாத்தணும்னு நெனச்சிருந்தேன். எந்திரிக்காதம்மா. டீ சொல்லியிருக்கு."