வாயை ஊது

காலடிப்பேட்டை ஞானசிகாமணி வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்குமுன் எல்லோரும் வாயை ஊதிக் காட்ட வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ்காரர் நடுரோட்டில் செய்வதை, சிகாமணி தன் வீட்டுக் கூடத்தில் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு செய்வார். மனைவி ரூபவதி ஊதுவாள். மகள் கெசியா ஊதுவாள். சிகாமணி கண்ணை மூடி, மூக்கை நீட்டி, "சுத்தம்" என்று தீர்ப்புச் சொல்வார். அதற்கப்புறம்தான் பாட்டு.

வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய அப்பா தேவபிச்சை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் குடித்துப் புரண்டு, ஒரு எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பிய மனிதர். தன் பாடு பிள்ளைகளுக்கு வரக் கூடாதென்று இந்தச் சோதனையை ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எங்கே போய்ச் சாராயம் குடிக்கும் என்று அவரிடம் கேட்க ஆளில்லை. சிகாமணி மட்டும் ஒருநாள் வேறொன்று கேட்டார். "உன் வாய யாரு நைனா மோந்து பாப்பாங்க?" காது அடைக்கிற மாதிரி ஓர் அறை விழுந்தது. கீழ்ப்படிதல் என்றால் என்னவென்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

சிகாமணி குடிக்க மாட்டார். அதனால் சோதனையை லெந்து என்கிற தவக்காலத்துக்குத் திருப்பிக்கொண்டார். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை அந்த வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது. "நாக்க அடக்கினா மத்ததெல்லாம் தன்னால அடங்கிடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். இதைக் கேட்டு உருகிப்போன ஆயர், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தலைமுறை தலைமுறையாய்க் கீழ்ப்படிவதைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் லெந்தும் ரம்ஜானும் சேர்ந்து வந்தன. அங்கேதான் வினை. கன்டெய்னர் யார்டில் சிகாமணியோடு வேலை செய்யும் தவ்ஃபீக்குக்குப் பக்கத்துத் தெருதான் வீடு. அந்த மனுஷன் எச்சில்கூட விழுங்காமல் வெயிலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், நோன்பைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான். சிகாமணி மத்தியானம் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, சாயங்காலம் வரை தன் உபவாசத்தைப் பற்றி எல்லோரிடமும் பேசுவார்.

"வா மச்சான், கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்று முதல் நாள் தவ்ஃபீக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். மறுநாள் யோசித்தார். கஞ்சி என்பது கஞ்சி. அதில் கொத்துக்கறி மிதந்தால் அது கஞ்சியின் பாவம். கூடவே தவ்ஃபீக்கின் மனைவி ஜீனத் சுடச்சுடப் பொரித்துவைக்கும் கறி சமோசா. நோன்பு திறக்கிற வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்?

அன்று தொடங்கியது. தவ்ஃபீக் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்குமுன்பே சிகாமணி கிண்ணத்தோடு தயாராக உட்கார்ந்திருப்பார்.

"உனுக்கு லெந்துன்னியே மச்சான்?"

"உள்ளந்தான் மச்சான் முக்கியம்."

பிறகு ஏலக்காயை மென்றுகொண்டே வீட்டுக்குப் போய் மற்றவர்கள் வாயை மோந்து பார்ப்பார்.

வியாழக்கிழமை கெசியாவின் முறை வந்தது. சனிக்கிழமை வியாசர்பாடியில் மாநில கேரம் தேர்வுப் போட்டி. தவ்ஃபீக்கின் மகள் ஜஸீமாவும் அவளும் ஜோடி. ஒரு வருஷமாக ராயபுரம் கிளப்பில் ஸ்டிரைக்கரைச் சுண்டிச் சுண்டி அவள் நகமே தேய்ந்துபோயிருந்தது. இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் வேண்டியது அந்தப் பலகை ஒன்றுதான்.

அவள் ஊதினாள். சிகாமணியின் கண் திறந்தது.

"கறி!"

"அரை சமோசா நைனா. கெளப்புல ஜஸீமா நோன்பு தொறக்கசொல்லோ குடுத்தா. வேணான்னு சொல்ல மனசு வர்ல."

இந்தச் சமாதானத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று சிகாமணிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"சனிக்கெழம போட்டி கெடையாது. வூட்லயே முட்டி போட்டு ஜெபம் பண்ணு."

கெசியாவின் முகம் செத்துப்போனது. அவள் அழவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் சிகாமணி தப்பித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நாக்கின் நுனியில் நின்றதால் நிறுத்த முடியவில்லை.

"இன்னிக்கு அரை சமோசா, நாளிக்கு இன்னா? அதுவும் ஜீனத்து சமோசா! இன்னிக்குன்னு பாத்து புதினாவ வேற தூக்கலா போட்டுகீது அந்தம்மா!"

ரூபவதி பாட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"இன்னிக்குத்தான் தூக்கலா? அப்போ நேத்து கரெக்டா இருந்துச்சா?"

சிகாமணி வாயைத் திறந்தார். திறக்கக் கூடாதென்று நினைவு வந்து மூடிக்கொண்டார்.

"கெசியா, உங்க நைனா வாய மோந்து பாரு. யோவ், ஊது."

சிகாமணியின் கை பரம்பரை வழக்கப்படி உயர்ந்தது. ஆனால் அவருடைய அம்மாவும் ஒருநாள் இதே மாதிரி சொன்னது நினைவுக்கு வந்து, அப்படியே நின்றது. "உங்க நைனா வாய மோந்து பாருடா." அன்றைக்கு அவர் எம்பி நின்று மோந்தார். சாராயம் குப்பென்று அடித்தது. அப்பாவின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "சுத்தம்மா" என்றார் சிறுவன் சிகாமணி. மறுநாள் அவருக்கு ஒரு புதுக் கால்பந்து கிடைத்தது.

கையைக் கீழே இறக்கி, ஊதினார்.

கெசியா அவரைப் போலவே கண்ணை மூடினாள். அவரைப் போலவே மூக்கை நீட்டினாள். மேலே ஏலக்காய், அதற்கடியில் புதினா, அதற்கும் அடியில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் கொத்துக்கறி. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சிகாமணி தாங்கியிருப்பார். அவள் பலகையில் காயை எந்தக் கோணத்தில் அடித்தால் பையில் விழும் என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சுத்தம்மா" என்றாள். மூச்சு விடாமல் அவர் பக்கம் திரும்பினாள். "சனிக்கெழம கார்த்தால பஸ்ஸு நைனா. நீயே வந்து ஏத்தி வுடுறியா?"

"வுடுறேன் கண்ணு" என்றார் சிகாமணி. அவள் நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கலாம், பைபிளைத் தூக்கி எறிந்திருக்கலாம். அதெல்லாம் இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை அந்த ஜோடி ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை சிகாமணி பலிபீடத்துக்கு முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"எங்கப்பா எனக்கு எதக் குடுத்தாரோ, அத ஒரு துளி கொறையாம எம் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

சபை முழுக்க ஆமென் என்றது. மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னது கெசியா. ரூபவதி சொல்லவில்லை. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் கோவிலில் சிகாமணி எத்தனையோ முறை சாட்சி சொல்லியிருக்கிறார், பொய் கலக்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.