அலுவலர் சுருக்கமாகப் பேசினார்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைக் குறிப்பிலிருந்து பிறந்தது. அந்தக் குறிப்பில் பதினோரு வரிகள். எழுதியவன் நான். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதன் அயோக்கியத்தனமே அதுதான்.

காட்டுயிர்களையும் படகுகளையும் சட்டப்படி கண்காணிக்கும் அரசுத் துறை ஒன்றில் எனக்கு எழுத்து வேலை. (எந்த மாநிலம் என்று எழுதி அடித்துவிட்டேன். துறையிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். தெற்கே, வெயிலும் சதுப்பும் முதலையும் உள்ள பக்கம் என்பது போதும்.) எங்கள் அலுவலர்கள் கள்ள வேட்டைக்காரனின் பின்னால் இடுப்பளவு சேற்றில் ஓடுவார்கள். குடித்துவிட்டுப் படகு ஓட்டுபவனை நிறுத்தி, அவன் வாயிலிருந்து வரும் வசவையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அதை ‘வழக்கமான ரோந்துப் பணியின்போது’ என்று எழுதுவேன். பதினான்கு வருடங்களாக இதற்குத்தான் சம்பளம்.

அந்தக் குறிப்பின் முதல் வரி இது: ‘சாண்டெல் ஏரியில் ஞாயிறன்று நடந்த படகு விபத்தில் காயமடைந்த மீனவரை, ரோந்தில் இருந்த அலுவலர் ஓடெட் வெரெட் துணிச்சலுடன் மீட்டார்.’

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இனி கதை.

2

முதல் தொடக்கம்: ‘ஏரியின் மேல் சூரியன் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில்—’

வேண்டாம். ஜூன் மாதத்துச் சூரியன் எங்கள் ஊரில் பொன் ஊற்றாது. தோலை உரிக்கும்.

இரண்டாம் தொடக்கம்: ‘சிறு வயதிலிருந்தே ஓடெட்டுக்குத் தண்ணீர் என்றால்—’

இதுவும் வேண்டாம். சொல்ல வழியில்லாத எழுத்தாளன்தான் பாத்திரத்தின் பால்யத்துக்குள் ஓடி ஒளிவான். ஓடெட்டுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் இதே ஏரியில் ரோந்து. இடது முழங்காலில் தீராத வலி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்றாவது: பிற்பகல் இரண்டு பத்துக்கு ஓடெட் நீல விளக்கைப் போட்டு ஒரு படகை நிறுத்தினாள். அது நேராகப் போகாமல் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. முன்பக்கத்தில் மூன்று குழந்தைகள் கால்களை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. ஓட்டியவர் லானி குரோஷே, டிராக்டர் கடை முதலாளி. துறை வருடாவருடம் நடத்தும் குழந்தைகள் மீன்பிடி விழாவில் பந்தல், தொப்பி, சாஸேஜ் எல்லாம் அவர் உபயம். விழா மேடையில் அவர் சிரிக்கும் படங்களை எடுத்ததும் நான்தான்.

“ஏம்மா, இவ்ளோ பெரிய ஏரில உனக்கு நான்தான் கெடச்சேனா?” என்றார் லானி.

“பசங்களுக்கு ஜாக்கெட் எங்க சார்?”

“நீச்சல் தெரியாதவனுக்குத்தாம்மா அது. குரோஷே வீட்டுப் புள்ளைங்க மீனுக்கே நீச்சல் சொல்லிக் குடுக்கும்.”

பேச்சோடு பீர் வாடையும் வந்தது. போதையைச் சோதிக்க, உட்கார்ந்தபடியே கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணச் சொன்னாள். மூன்றுக்கு அப்புறம் ஆறு வந்தது. ஊதச் சொல்லிப் போதையை அளக்கும் கருவியை அவள் எடுப்பதற்குள் அவர் கைபேசியை எடுத்துவிட்டார்.

(வழக்கமான கதையில் பணக்காரன் இந்த இடத்தில் மிரட்ட வேண்டும். லானி மிரட்டவில்லை. மிரட்டுவது செல்வாக்கு இல்லாதவன் வேலை. அவர் யாரிடமோ குடும்ப நலம் விசாரித்தார், சிரித்தார், பிறகு கைபேசியை ஓடெட்டிடம் நீட்டினார்.)

மறுமுனையில் அவளுடைய மேலதிகாரி, கேப்டன் டட்லி ரோபிஷோ. “ஓடெட், படகுல அவரு மருமகன் இருக்கான்ல, அவன் ஓட்டட்டும். ஜாக்கெட்டுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிக் குடுத்துட்டு விட்டுரு.”

“ஒரு தடவ ஊதச் சொல்லிப் பாத்துடறேன் சார். அஞ்சு நிமிஷம்.”

“நான் சொல்லிட்டேன்ல.”

அவள் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மருமகன் சுக்கானைப் பிடித்தான். இரண்டு இருபத்தைந்துக்குப் படகு கிளம்பியது. வளைவு தாண்டி, ரோந்துப் படகு கண்ணுக்கு மறைந்ததும் மாமனார் மறுபடி சுக்கானைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாற்பதுக்கு நடு ஏரியில் ஆல்சீ டார்டார் என்ற அறுபத்தாறு வயது மீனவரின் தட்டைப் படகின் மேல் ஏறினார். மோட்டாரின் இறக்கை ஆல்சீயின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது.

சத்தம் கேட்டு வந்த ஓடெட் தண்ணீரில் குதித்தாள். தன் இடுப்புப் பட்டையால் அவர் தொடையை இறுக்கிக் கட்டி, உதவி வரும்வரை அவர் தலையை நீருக்கு மேலே பிடித்திருந்தாள். ஆக, துணிச்சலுடன் மீட்டார் என்பது உண்மைதானே?

லானியை ஊதச் சொல்லும் பொறுப்பைக் கேப்டன் தானே ஏற்றுக்கொண்டார். நான்கு மணி நேரம் கழித்து. அதற்குள் இரண்டு கோப்பை கறுப்புக் காபியும் ஒரு தூக்கமும் ஆகியிருந்தன. அளவு சட்டத்துக்கு உட்பட்டதாக வந்தது. கவனக்குறைவு என்று ஒரு வழக்குப் போட்டு, ஒரு பருவம் படகு ஓட்டக் கூடாது என்றார்கள். அடுத்த விழாவிலும் தொப்பி அவருடையதுதான்.

3

இங்கே எனக்கு ஓடெட் மேல் சந்தேகம் வருகிறது. ஏன் விட்டாள்? பத்தொன்பது வருட அனுபவம், கையில் சட்டம், கண்ணெதிரே குற்றம். முதல் வரைவில் அவளைக் கோழையாக்கினேன். இரண்டாவதில் அதிகாரத்தின் பலியாக்கினேன். இரண்டையும் அவளிடமே படித்துக் காட்டினேன்.

“கேப்டன் சொன்னாரு, நான் விட்டேன். இதுக்கு எதுக்கு இத்தன பக்கம்?” என்றாள்.

விபத்தன்று மாலை அவளே என்னைக் கூப்பிட்டு நேரங்களைச் சொல்லியிருந்தாள். இரண்டு பத்து, இரண்டு இருபத்தைந்து, இரண்டு நாற்பது. மூன்றையும் குறிப்பில் சேர்த்தேன். கேப்டன் முதல் இரண்டையும் அடித்தார். நான் எதிர்த்து—

அந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டேன். நான் எதிர்க்கவில்லை. ‘நன்றி, சார்’ என்று பதில் அனுப்பினேன்.

4

அக்டோபரில் ஓடெட்டுக்கு வீரப் பதக்கம். விடுதிக் கூடம், வெள்ளை மேசைவிரிப்பு, சீருடையில் இருநூறு பேர். பதக்கம் குத்தியது கேப்டன் ரோபிஷோ. ஏரியின் காவல் தெய்வம் என்ற ரீதியில் பேசினார். (பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.)

ஓடெட் ஒலிவாங்கியிடம் வந்தாள். “ரெண்டு பத்துக்கு அந்தப் படக நிறுத்தினேன். ஓட்டினவரு குடிச்சிருந்தாரு. ரெண்டு இருபத்தஞ்சுக்கு விட்டேன். விடச் சொன்னவரு இப்பதான் எனக்கு இதக் குத்திவிட்டாரு. ஆனா விட்டது நான்.”

பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். கூட்டம் கை தட்டியது. காதில் விழுந்தது மூளைக்குப் போகுமுன் கை தட்டிவிடும் பயிற்சி அரசு ஊழியர்களுக்கு உண்டு. பாதித் தட்டலில் சிலருக்குப் புரிந்து, கைகள் நடுவழியில் நின்றன.

மறுநாள் குறிப்பில் நான் எழுதினேன்: ‘அலுவலர் சுருக்கமாகப் பேசினார்.’

அடுத்த மாதம் அவளை மீன்பிடி உரிமப் படிவங்களைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டிடத்திலிருந்து குட்டைகூடத் தெரியாது. ரோபிஷோ மேஜர் ஆனார்.

5

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஓடெட் என் வீட்டுக்கு வந்து, ஆல்சீயைப் பார்க்கப் போகலாம் என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

“உன் பதினோரு வரிய அவங்க வீட்டுச் சொவத்துல ஒட்டி வெச்சிருக்காங்களாம். வந்து பாரு.”

ஒட்டித்தான் இருந்தது, சமையலறையில், நாள்காட்டிக்குப் பக்கத்தில். ஆல்சீயின் மனைவி எல்மிரா என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா எழுதியிருந்தீங்க என்றார். பதினான்கு வருடத்தில் கிடைத்த ஒரே வாசகர் பாராட்டு. அடுப்பில் வெண்டைக்காயும் இறாலும் போட்ட கம்போ என்ற குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஆல்சீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

ஓடெட் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். நிறுத்தியது, கைபேசி, விட்டது, எல்லாம். ஆல்சீ குறுக்கிடாமல் கேட்டார்.

“தெரியும்,” என்றார். “நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

ஓடெட்டுக்குப் புரியவில்லை. எனக்கும்.

“மேற்குக் கரையில மரத்தடியோரமா இருந்தேன். அந்தாளு ஓட்டுற லட்சணத்தப் பாத்துட்டு, காலைலேந்து நடு ஏரிப் பக்கமே போகல. அப்ப நீ நீல வெளக்கு போட்டுப் புடிச்ச. சரி, வெரெட் பொண்ணு புடிச்சிட்டா, அவ உடமாட்டா, இனிமே பயமில்லன்னு தூண்டிலச் சுருட்டிக்கிட்டு நடுவுக்குப் போனேன். கெளுத்தியெல்லாம் அங்கதான் இருக்கும்.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். அப்படிச் சொல்ல எனக்கு வரவே வராது.

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: ஓடெட் அழுகிறாள், கிழவர் அவள் தலையைத் தடவுகிறார், எல்மிரா கிண்ணத்தில் கம்போ ஊற்றுகிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே குமட்டியது. கால் போனவனையே ஆறுதல் சொல்ல வைப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டு: வழக்கு மறுபடி திறக்கிறது, லானியும் ரோபிஷோவும் கூண்டில் நிற்கிறார்கள். நம்புகிறவர்கள் கை தூக்கலாம்.

மூன்று: ‘ஓடெட் மெல்லத் திரும்பி, வாசலை நோக்கி—’ இல்லை. அவள் திரும்பவில்லை.

அவள் பதில் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். நான் மூன்றடி தள்ளி நின்று கேட்டேன். எல்மிராவின் கரண்டி பானைக்குள் அப்படியே நின்றது. அந்த வாக்கியத்தை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதைத் திருத்துவேன், மெருகேற்றுவேன், பன்னிரண்டாவது வரியாக்கிச் சுவரில் ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் கை அப்படிப் பழகிவிட்டது.

நீங்கள் எழுதுங்கள். நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். எதிரே சக்கர நாற்காலியில் ஒரு மனிதர், நீங்கள் விடமாட்டீர்கள் என்று நம்பி நடு ஏரிக்குப் போனவர், பேசி முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.