நாற்காலியிலிருந்து தரை வரை

வெள்ளவத்தையில், கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடிவீட்டில் வசித்த மர்ஸூக் ஹாஜியாருக்கு அந்த ஆண்டு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பெருநாள் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்க வேண்டும். வைத்த பின் தாமாகவே எழுந்து நிற்க வேண்டும்.

டெங்குக் காய்ச்சல் அவரை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தியிருந்தது. விடைபெற்றுப் போகும்போது, தொடைகளில் இருந்த தசையையும் அது தன்னோடு கொண்டுபோய்விட்டது. புடைவைக் கடையில் வாழ்நாளெல்லாம் நின்று உழைத்த கால்கள் இப்போது நாற்காலியை விட்டு எழவே துணை கேட்டன. முழங்காலில் கோளாறு ஏதுமில்லை, வலுதான் போய்விட்டது என்றார் வைத்தியர். அன்றுமுதல் பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்து நாற்காலியே அவருக்குரிய இடமாயிற்று.

நாற்காலியிலிருந்து தொழுதாலும் இறைவனிடம் கூலி குறையாது என்பதை அவர் நன்கறிவார். ஆனாலும் எல்லாரும் ஒன்றாகச் சுஜூதில் குனிந்து நெற்றியை நிலத்தில் பதிக்கும் அந்தச் சில கணங்களில், வீட்டார் அனைவரும் உள்ளே போய்விடத் தாம் மட்டும் வாசலில் நிற்பதைப் போன்று அவருக்குத் தோன்றும்.

மேல்மாடியில் குடியிருந்த சாம்பவி பிசியோதெரபி படித்தவள். செய்தி கேட்டு அவளாகவே இறங்கி வந்தாள்.

"ஜிம்முக்குப் போகத் தேவையில்லை அங்கிள். உங்கட வீட்டில இல்லாத சாமான் ஒண்டும் நான் கேக்கமாட்டன்," என்றாள்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழவேண்டும். எழுந்தபின், விழுவது போலன்றி மெல்ல மெல்ல அமரவேண்டும். அது இலகுவானதும் அரிசிப் பையொன்றை அணைத்துக்கொண்டு அதையே செய்யவேண்டும்.

"பிறகு ஆசனத்தைக் கொஞ்சங் கொஞ்சமா உயரம் குறைச்சுக்கொண்டு போவம். கடைசி ஆசனம் தரைதான்."

மர்ஸூக் மறுநாளே தொடங்கினார். 'பிஸ்மி' சொல்லி எழ முனைந்ததும், கேளாமலே ஒரு கை வந்து அவருடைய முழங்கையைத் தாங்கியது. அது மனைவி ஹபீலாவின் கை.

"விடுங்க ஹபீலா, நான் எழும்புறேன்."

"விழுந்திட்டா என்ன செய்ற? சும்மா ஒரு கைதானே."

காலையிலும் மாலையிலும் பயிற்சி தவறவில்லை; அந்தக் கையும் தவறவில்லை. நோன்பு மாதம் நெருங்கிவிட்டது, கால்களில் மாற்றமேதும் தெரியவில்லை. அந்த நாட்களில் ஒரு மதியம், எவருக்கும் அசைந்து கொடுக்காத அச்சாறுப் போத்தலை ஹபீலா எடுத்தாள். இரத்மலானையில் வசிக்கும் மகன் ரிஸ்கான் வெள்ளிக்கிழமை வந்து திறக்கும்வரை காத்திருப்பதே அந்தப் போத்தலின் வழக்கம். அன்று ஹபீலா ஒரு திருகு திருகினாள். மூடி கையோடு வந்தது. இருவரும் அதை வியப்போடு பார்த்தார்கள்.

அடுத்த முறை சாம்பவி வந்தபோது மர்ஸூக் இதைப் பெருமையாகச் சொன்னார். அவள் ஹபீலாவின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, எந்தக் கையால திறந்தனீங்கள்?"

"வலக் கையால."

"அங்கிளைத் தூக்கி விடுறது?"

"அதே கையாலதான்."

"அப்ப பயிற்சி நல்லா வேலை செய்யுது," என்றாள் சாம்பவி. "ஆள்தான் மாறிப்போச்சு."

மர்ஸூக் வாய்விட்டுச் சிரித்தார். ஹபீலா சிரிக்கவில்லை. காய்ச்சல் நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டிய கை அது.

"அப்ப நான் செஞ்சது பிழையா மகள்?"

"பிழையில்லை அன்ரி. அந்தக் கை இல்லாட்டி அங்கிள் கட்டிலை விட்டே இறங்கியிருக்க மாட்டார். இப்ப அதுக்குக் கொஞ்சம் லீவு குடுக்கோணும்."

மறுநாள் ஹபீலா அவருக்கு எதிரே அமர்ந்து, கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். மர்ஸூக் பாதி எழுந்து, மறுபடியும் நாற்காலியில் சரிந்தார். அவள் துள்ளி எழுந்தாள். பின்பு உதட்டைக் கடித்துக்கொண்டு அமர்ந்தாள். துணிக்குள் அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்ததை அவர் கண்டார். தம் கால்கள் செய்வதைவிட அந்தக் கைகள் செய்வதே பெரிய பயிற்சி என்று அவருக்குத் தோன்றியது. அவளைச் சற்றுத் தேற்ற விரும்பினார்.

"ஒரு நாள் நாற்காலி தரையப் பார்த்துச் சொல்லிச்சாம், 'எல்லாரும் உன்னைய விட்டு எழும்பி என்னட்டத்தான் வாறாங்க. என்னைய விட்டு ஒருத்தரும் உன்னட்ட வாறதில்ல.' தரை கோவிக்கல்ல. 'மெய்தான் மகன்'டு சொல்லிச்சாம். 'ஆனா நீயும் என்ட மேலதானே நிக்கிற?'"

"கத சொல்லிச் சுணங்காதீங்க. எழும்புங்க."

எழுந்தார். தொடைகள் நடுங்கின, ஆனாலும் எழுந்தார்.

அதன்பின் அரிசிப் பை வந்தது. நாற்காலி போய்க் குட்டி ஸ்டூல் வந்தது. ஸ்டூல் போய் மடித்த மெத்தை வந்தது. நோன்பின் பிற்பாதியில் தரைக்கே வந்து சேர்ந்தார். முதல்முறை இறங்கியவர் எழ வழியறியாமல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார்.

"அங்கேயே இரிங்க," என்றாள் ஹபீலா, கைகளைத் தலைப்பிலிருந்து எடுக்காமலே. "நோன்பு துறக்கக் கஞ்சிய அங்க கொண்டு வாறேன்."

சிரிப்பு அடங்கியதும், சாம்பவி காட்டியபடி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றினார். ஒரு பாதத்தை முன்னே வைத்து, தொடையில் கையை அழுத்தி எழுந்தார். ஹபீலா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பெருநாள் காலையில் காலிமுகத்திடலில் பாய்கள் விரிந்திருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று ரிஸ்கான் மடிப்பு நாற்காலியொன்றைக் கொண்டுவந்திருந்தான். அது விரிக்கப்படாமல் பாயோரத்தில் கிடந்தது. தக்பீர் ஒலித்தது. வரிசைகள் குனிந்தபோது மர்ஸூக்கும் குனிந்தார். பாய்க்கு அடியிலிருந்து புல்லின் ஈரம் நெற்றியில் ஏறியது. எழும் வேளை வந்தது. கால்கள் நடுங்கியபடியே அவரை நிமிர்த்தி நிறுத்தின. மறுமுறையும் நெற்றியை நிலத்தில் வைத்தார்.

தொழுகையும் பிரசங்கமும் முடிந்து, மக்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். மர்ஸூக் மட்டும் நன்றி சொல்வதற்காகத் தனியே இன்னுமொரு சுஜூதில் இறங்கினார். இறங்கியவர் எழவில்லை. ரிஸ்கான் பதறிப்போய்த் தந்தையின் அக்குளில் கையைக் கொடுத்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஹபீலாவின் குரல் கேட்டது.

"கைய எடுங்க மகன். ஏலாமலில்ல. வாப்பாவுக்கு எழும்ப மனமில்ல."

அது உண்மைதான். சொல்லவேண்டிய நன்றிகள் பல இருந்தன. மாடிப்படி இறங்கி வந்த அந்தப் பிள்ளைக்காக. திரும்பி வந்த கால்களுக்காக. தாங்க வந்த கைக்காக. பின்பு, தாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட அதே கைக்காக. யாவற்றையும் சொல்லி முடித்த பிறகே அவர் பாதத்தை முன்னே வைத்து, தொடையை அழுத்தி எழுந்தார்.

எழுந்தவர், பாயோரத்தில் கிடந்த நாற்காலியை ரிஸ்கான் தொடுமுன் தாமே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தாங்க வாப்பா, நான் தூக்குறேன்."

"இவ்வளவு காலம் இதுதான் என்னைத் தூக்கிச்சு, மகன்," என்றார் மர்ஸூக். "இன்டைக்கு என்ட முறை."