அப்பா சொல்லக்கூடாது என்றது

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லி ஒரு துணிக் கிழிசலைத் தாரணியின் கையில் கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை கட்டியும் முடிச்சு விழவில்லை. வாசலில் லிங்கப்பன் பெரியப்பா போனில் விறகுக் கடைக்காரனிடம் கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல காய்ந்த விறகாக வேண்டுமாம், நெய் தனியாகச் சொல்லியாகிவிட்டதாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா முனிராஜ் அப்படியே சுவரோரம் சாய்ந்துவிட்டார். மைசூர் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். மத்தியானத்துக்குள் ஹனூரிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்து, எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் ஒரே பேச்சு: நெருப்பையே மிரட்டின ஆளு நம்ம முனிராஜ், பயம்னா என்னன்னே தெரியாது. தெருவில் காக்கி உடுப்போடு நின்ற ஸ்டேஷன் ஆட்கள் எட்டு பேரும் தலையாட்டினார்கள்.

தெரியாதாம். தாரணிக்குத்தானே தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் சாமராஜநகரில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் சாவுக்குப் போய், எரித்து முடிந்ததும் அவளும் அவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நஞ்சன்கூடு தாண்டியதும் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்னை நெருப்புல வெச்சிராதீங்க கண்ணு. அது என்ன பண்ணும்னு பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். மண்ணுல போட்டுருங்க. எனக்குப் பயமா இருக்குது."

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. இதை யாரிடமும், முக்கியமாக ஸ்டேஷன் ஆட்களிடம், சொல்லிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் செய்துகொடுத்தாள், மடச்சி மாதிரி. சொல்லாமல் அவரை எப்படிக் காப்பாற்றுவது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

முடிச்சு ஒரு வழியாக விழுந்தது. அம்மாவிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னாள். சொர்ணலதா மகளை யாரோ போலப் பார்த்தாள். உங்கப்பாவுக்கா பயம், உனக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சு என்றுவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். கரண்ட் சுடுகாட்டில் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு கௌரம்மா வேறு யோசனை சொன்னாள்.

பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. தூறல் போடுகிறது, விறகு நனைந்துவிடும், புதைத்துவிடலாமே என்றாள். சுடுகாட்டுல தகரக் கொட்டகை இருக்குது அம்மணி என்றார். இல்லை, இந்தக் காலத்தில் நிறைய பேர் புதைக்கிறார்கள் என்றாள். அவர் முகம் மாறியது.

"நம்ம வகையறாவுல கல்யாணமானவங்களப் பொதைக்கிற பழக்கமே இல்ல. என்ற தம்பிய ராஜா மாதிரி நெய் ஊத்தி அனுப்போணும். நீ உள்ள போ."

உள்ளே போனாள். அதுதான் அவள் புத்தி. பெரியவர்கள் அதட்டினால் போய்விடுவாள். உள்ளே போய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் திருநீறு. தொட்டால் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தார். இந்த உடம்பையா? செத்தவருக்குச் சுடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயப்படாதவர் என்றால் சரி. பயந்துகொண்டே போனவரை எப்படி விடுவது?

எட்டு பேரும் வந்து பாடையைத் தூக்கினார்கள். வாசல் தாண்டுகையில் தாரணி ஓடிப்போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ விலக்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"அப்பாவுக்கு நெருப்புன்னா பயம்," என்றாள். "எங்கிட்ட சொல்லியிருக்காரு. பொதைக்கணும்னு கேட்டாரு. பயமா இருக்குன்னு அழுதாரு."

அப்பாவின் மானத்தை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

முன்னால் தோள் கொடுத்திருந்தவர் பசவராஜ், அப்பாவோடு ஒரே தீயணைப்பு வண்டியில் போனவர். அவர் திரும்பாமலே, தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"மகள் சொல்றது கேளுங்க சார். நானும் வீட்ல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கு."

மற்ற ஏழு பேரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவரும் மறுக்கவும் இல்லை. பெரியப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓங்கிய கையை இறக்கினார். விறகுக் கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார்.

சுடுகாட்டின் கோடியில் குழி வெட்டி முடிப்பதற்குள் தூறலும் நின்றுவிட்டது. பொம்பளைப் பிள்ளை இங்கெல்லாம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இறக்கலாமா என்று வெட்டியான் கேட்டான். தாரணி கொஞ்சம் இருக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பசவராஜின் கையைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினாள். தலை வைக்கிற இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் அழுத்தி வைத்துப் பார்த்தாள்.

சில்லென்று இருந்தது.

மேலே ஏறி வந்து, "இப்ப இறக்குங்க," என்றாள்.