ஒரம்பு

எங்கள் கல்லூரியில் சிவில் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஒரு ஏஐ வாங்கியிருக்கிறார்கள். அஸ்திவாரப் பாடத்தில் தோட்டங்காட்டு வேலை செய்கிறவர்களின் மண்ணறிவையும் சேர்க்க வேண்டும் என்று துறைத்தலைவர் கோவிந்தராஜுலு ஆசிரியர்களிடம் சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். என் அம்மா சின்னாத்தாள் வெள்ளகோவில் பக்கம் நாற்பது வருடம் அடுத்தவர் காட்டில் வேலை செய்தவள். அவள் பேச்சைப் பதிவு செய்து ஏற்றினேன். மைக்கைப் பார்த்ததும் மகளிடமே மரியாதை போட்டுப் பேசினாள். அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று மதியம் சார் கூப்பிட்டார்.

"மதிவதனி, உங்க அம்மா சொன்னத ஏஐ எடுக்கமாட்டேங்குதுங்க. அர்த்தம் சேரலையாமுங்க. அஞ்சு மணிக்கு, பாடத்துல சேர்க்கறவங்க லிஸ்ட மூடிப்போடுவோம், பார்த்துக்குங்க."

திறந்து பார்த்தேன். அம்மா சொன்னது இதுதான்: "வாய்க்கால்ல தண்ணி உட்டா இந்த எடத்துல ஒரம்பெடுக்குமுங்க. இங்க ஊடு கட்டாதீங்க." அடியிலிருந்து நீர் கசிந்து மண் இளகிவிடும் என்கிறாள். ஏஐ அதை 'வரம்பெடுக்கும்' என்று, ஏதோ வயல் வரப்பைச் சொல்வதுபோல், திருத்தி வைத்திருந்தது.

யாரைத் திட்டுவது? கொங்குப் பேச்சில் முதலில் வரும் வகரம் விழுந்துவிடும், ஊடு என்றால் வீடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்த மேதாவியே நான்தான். ஒரம்பு என்று தனியாக ஒரு சொல் இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.

விதியைத் திருத்தினேன். புதுச்சொல் என்றால் அதே வட்டாரத்து இன்னொருவர் குரலும் வேண்டும் என்றது ஏஐ. மணி நாலே முக்கால். போனைத் துழாவினேன். ஊர் எண் என்று என்னிடம் இருந்தது அம்மாவுடையது ஒன்றுதான்.

சரி, நானும் அந்த ஊர்க்காரிதானே என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மைக்கை எடுத்தேன். விடுதியில் யாரும் சிரிக்கக்கூடாது என்று பதினேழு வயதிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவிய நாக்கு. "ஒரம்பெடுக்குமுங்க" என்றேன்.

'பேசுபவர் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் அல்ல' என்று திரையில் வந்தது.

இன்னும் இரண்டு முறை சொன்னேன். கடைசி முறை அழுதுகொண்டே சொன்னேன். அதே பதில்தான்.

ஐந்து மணிக்குப் பட்டியல் மூடியது. அம்மாவின் பெயர் அதில் இல்லை. சாரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை ஏஐ தப்பாகச் சொல்லவில்லை.