அரைப் பேர்

மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மாடியிலிருந்து பழைய படங்களும் பதிவேடுகளும் அடைத்த பன்னிரண்டாவது பெட்டியை இராக்கம்மா இறக்கி வைத்தாள். முக்காட்டை உதறினாள். கரையான் மண் கொட்டியது.

கணக்கப்பிள்ளை சின்னராசா காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே சொல்லியிருந்தார். "பெட்டிய எறக்கிக் குடுத்துட்டு நேரா மலைக்கு வந்துருங்க. பகல் கொழுந்து நிறுவைக்கு ஆள் இல்லேன்னா அரைப் பேருதான்."

பெட்டிகளைப் பதுளைக்குக் கொண்டுபோக வந்தவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அடுத்த மாதம் பதுளையில் நடக்கும் பழைய படங்களின் கண்காட்சிக்காக ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கங்காணிகள் தமிழில் எழுதிய பழைய செக்ரோல், அதாவது வேலையாள் பதிவுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இதிலை கனபேருக்கு நேரை 'அரைப்பேர்' எண்டு கிடக்கு. மற்ற அரைவாசிப் பேரை ஏன் எழுதாமல் விட்டவை?"

இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயா, அது கூப்புடுற பேரு இல்லீங்க. ஒரு நாள் வேலதான் ஒரு பேரு. அரை நாள் செஞ்சா அரைப் பேரு."

"அட! நான் நேற்று முழுக்கப் பாதிப் பேரைத் தேடிக்கொண்டிருந்தனான்." அவரும் சிரித்துவிட்டு, ஒரு படத்தை நீட்டினார். "அப்ப இதையும் பாருங்கோ. ஆரையாவது தெரியுதே?"

தலையில் தொப்பியோடு ஒரு துரை. காலடியில் நாய். பின்னால் கூடைகளோடு மூன்று பெண்கள். இராக்கம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். நடுவில் நிற்பவளின் இடது காதுமடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

"எங்கம்மா!" என்றாள். "தோடு தேயிலை வாதுல மாட்டி அறுந்த காது. செத்து ஒம்பது வருசமாச்சு. இவ்வளவு சின்னப் புள்ளயா நிக்குது, பாருங்க."

"படம் அறுபத்திமூண்டாம் ஆண்டு. அம்மான்ர பேரென்ன?"

"பேச்சியம்மா."

இரகுநாதன் உற்சாகமாக அந்த ஆண்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். இராக்கம்மாவும் குந்திக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவள். ஒவ்வொரு பேரின் மேலும் விரலை வைத்து, உதட்டை அசைத்து, கூட்டிக் கூட்டி வாசித்தாள். மலையில் பகல் நிறுவைக்குச் சங்கு ஊதியது. அவள் எழும்பவில்லை. கடைசிப் பக்கம் வந்தும் பேச்சியம்மா வரவில்லை. மறுபடி முன்னுக்குத் திருப்பினாள். ஒரு பேரில் விரல் நின்றது.

"மாரியாயி. இது எங்க பெரியம்மா. ஆனா அவுங்க அம்பத்தேழுலயே போயிட்டாங்களே..."

"அறுபத்திமூண்டிலை மாதம் இருபத்திமூண்டு நாள் வேலை செய்திருக்கிறா."

இராக்கம்மா மறுபடி படத்தைப் பார்த்தாள். "அது எங்கம்மாதாங்க. பெரியம்மா செத்ததும் கங்காணி ஆள் கொறையக்கூடாதுன்னு அவுங்க பேர வெட்டாம, பதினோரு வயசுல எங்கம்மாவ அந்தப் பேர்லயே வேலைக்கு எறக்கிட்டாராம். அடையாள அட்டையிலயும் அதேதான். லயத்து வீட்டுல கூப்புடுறது மட்டுந்தான் பேச்சியம்மா. அந்தப் பேர எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. இந்தப் படத்துக்குக் கீழயாவது போடுங்க ஐயா."

"பதிவிலை இல்லாத பேரைப் போட ஏலாதம்மா. கண்காட்சிக் குழுவின்ர விதி. மாரியாயி எண்டு போடட்டே?"

"வேணாங்க. அந்தப் பேருக்கு ஒழைச்சது போதும்."

இரகுநாதன் படத்தைத் திருப்பினார். பின்புறத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"வில்மட் துரை. நாய் புரூனோ. கொழுந்து பறிக்கும் பெண்கள்."

"புரூனோவும் செக்ரோல்ல இருக்குங்களா?"

அவர் தயங்கினார். "இல்லை. துரை எழுதி வைச்சபடியாலை தெரியுது."

"அப்போ பென்சிலக் குடுங்க. நானும் எழுதி வைக்கிறேன்."

அவர் பென்சிலை நீட்டினார். இராக்கம்மா படத்தைப் பெட்டிமேல் கவிழ்த்து, நாயின் பேருக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். 'ச்'சுக்குப் புள்ளி வைத்து ஊதிப் பார்த்தாள். வெளியே வேன்காரர் ஷப்ராஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். "சேர், மழை இறங்கினா இந்த ரோட்டுல வேன் போகாது!"

'ம்மா' முடிந்ததும் படத்தைக் கொடுத்தாள். "இந்தப் பக்கமும் தெரியுற மாதிரி வைப்பீங்களா?"

"பலகையிலை ஒட்டுறதம்மா, பின்பக்கம் மறைஞ்சிடும்," என்றார் இரகுநாதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேன் வளைவில் மறைந்தது. இராக்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். பகல் நிறுவை முடிந்து, பெண்கள் மறுபடி தேயிலை நிரைக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள். சின்னராசா புத்தகத்தை விரித்தார்.

"படம் பாக்கப் போனீங்களாக்கும்? சொன்னேன்ல, அரைப் பேருதான்."

அவர் எழுதுவதை அவள் எட்டிப் பார்த்தாள். ரா, க், கு. அத்தோடு பேனா நின்றது.

"கணக்கப்பிள்ள, இராக்கம்மான்னு முழுசா எழுதுங்க."

"அரைப் பேருக்கு இது போதும்மா, போங்க," என்று சிரித்து அவர் புத்தகத்தை மூடினார்.

அப்போதுதான் இரகுநாதனின் பென்சில் தன் கையிலேயே இருப்பதை அவள் கண்டாள்.